பீவரும் பொறியும்: நீரில் பிடிக்கும் சாதனங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

வட அமெரிக்காவின் ஓடைகளிலும் சிற்றாறுகளிலும் வாழும் பீவர், அணை கட்டும் இயல்புடைய பிராணியாகும். சாலையின் அடியில் நீர் செல்வதற்கென அமைத்த குழாயைச் சில இரவுகளுக்குள் குச்சிகளாலும் சேற்றாலும் அது அடைத்துவிடும். நீர் சாலையின் மேல் ஏறிப் பாயும். அண்டையிலுள்ள வயல் மூழ்கும். நீர் தேங்கிய இடத்தில் நிற்கும் மரங்கள் வேர் அழுகிப் பட்டுப்போகும். ஆனால் அதே பிராணி வேறோரிடத்தில் கட்டும் அணை, வறண்ட ஓடையில் நீரைத் தேக்கி, மண் அரிப்பைக் குறைத்து, மீன்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் இருப்பிடம் அளிக்கிறது. ஆகவே ஓரிடத்தில் பீவரைக் கொல்லவும், மற்றோரிடத்தில் அதை உயிருடன் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், மூன்றாமிடத்தில் அதை அப்படியே விட்டு நீரை மட்டும் வடிக்கவும் நேரிடுகிறது.

இம்மூன்று நோக்கங்களுக்கும் ஒரே சாதனம் பயன்படாது. பொறியைத் தேர்ந்தெடுப்பது கடையில் விலை கேட்பதிலிருந்து தொடங்குவதன்று. நோக்கத்தையும், நீரின் ஆழத்தையும், பிராணியின் இயல்பையும் அறிவதிலிருந்தே அது தொடங்குகிறது. இம்மூன்றில் ஒன்றை மறந்தாலும் பிராணி வீணே வதைபடும். வேண்டாத பிராணி சிக்கும். சில வேளைகளில் பொறி வைப்பவரின் கையே முறியும்.

பிராணியின் இயல்பு

பீவர் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு அணிலுக்கும் பெருச்சாளிக்கும் உறவு. வளர்ந்த பீவர் பெரும்பாலும் 16 முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ளது. கொறிக்கும் பிராணிகளில் தென் அமெரிக்கக் காப்பிபாராவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. இதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. அவற்றின் மேற்பூச்சில் இரும்புச் சத்து உள்ளமையால் செம்மஞ்சள் நிறமும் மிகுந்த உறுதியும் உடையவையாக இருக்கின்றன. வட அமெரிக்க இனமும் ஐரோப்பிய ஆசிய இனமும் என இதில் இரண்டு இனங்கள் உண்டு.

பொறி வைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இப்பிராணி நீரில் வாழும் விதம். மூழ்கும்போது இதன் மூக்குத் துளைகளும் காதுகளும் மூடிக்கொள்கின்றன. கண்களை ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு காக்கிறது. உதடுகள் முன்பற்களுக்குப் பின்னால் மூடுவதால் நீருக்கடியிலேயே குச்சியைக் கவ்விச் செல்ல முடிகிறது. தேவையெனில் 15 நிமிடங்கள் வரை மூச்சடக்கி நீருள் இருக்கவும் இதனால் இயலும். இந்தக் கடைசி உண்மை பொறியின் தேர்வில் பெரும் பங்கு வகிக்கிறது.

பீவர்கள் குடும்பமாக வாழ்பவை. தாய், தந்தை, அவ்வாண்டுக் குட்டிகள், முந்திய ஆண்டுக் குட்டிகள் ஆகியவை ஒரே வீட்டில் இருக்கும். குச்சியும் சேறும் கொண்டு கட்டிய அவ்வீட்டின் வாயில் நீருக்கு அடியில் இருக்கும். வீட்டிலிருந்து உணவு மரங்களுக்குச் செல்லும் கால்வாய், கரையேறும் சறுக்குப் பாதை, அணையைத் தாண்டும் இடம், சேற்றைக் குவித்துத் தன் உடல் மணத்தை இட்டு எல்லையை அறிவிக்கும் மேடு ஆகிய நான்கும் நாள்தோறும் பயன்படுபவை. பழகிய வழியை விட்டு விலகாத இவ்வியல்பே பொறி வைப்பவருக்கு வழிகாட்டி.

இரும்புப் பொறியின் வரலாறு

ஐரோப்பாவில் பீவரின் மென்மயிரால் செய்த தொப்பிக்கு ஏற்பட்ட மோகமே வட அமெரிக்க ரோமத்தோல் வாணிகத்தை வளர்த்தது. 1670ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசரின் சாசனம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனி இவ்வாணிகத்தில் தலைமை பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா சமூகத்தைச் சேர்ந்த சீவெல் நியூஹவுஸ் என்பவர் உருவாக்கிய எஃகுப் பொறிகள் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டு நாடெங்கும் பரவின. விலை மலிந்த, நம்பத்தக்க பொறி கைக்கு எட்டியதும் வேட்டைக்கு எல்லையில்லாமற் போயிற்று. 1900ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவின் பல பிரதேசங்களில் பீவர் அற்றே போயிருந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 பீவர்களே எஞ்சின எனக் கணக்கிடுகின்றனர். பின்னர் வந்த வேட்டைக் கட்டுப்பாடுகளாலும், வேறிடங்களிலிருந்து கொணர்ந்து விட்டமையாலும் இவ்வினம் மீண்டது. சாதனம் சிறந்ததாயினும் அதைப் பயன்படுத்த அளவு வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு சான்று.

கால்பற்றும் பொறி

நியூஹவுஸ் வழியில் வந்த பொறி இரண்டு தாடைகளை உடையது. நடுவிலுள்ள தட்டை மிதித்தவுடன் ஸ்பிரிங்கின் விசையால் தாடைகள் மூடிக் காலைப் பற்றும். பீவருக்கெனப் பயன்படுவது பெரிய அளவுப் பொறி. சிறிய பொறி வைப்பது முதற் பிழை. ஏனெனில் பீவரின் பின்னங்கால் அகன்று சவ்வுடன் விரிந்திருக்கும்.

எந்தக் காலைப் பிடிப்பது என்பதும் ஆராயத்தக்கது. முன்னங்கால் சிறியது, மெலிந்தது. அது பிடிபட்டால் பிராணி முறுக்கி இழுத்துக் காலை ஊனப்படுத்திக்கொண்டு தப்பிவிடக் கூடும். பின்னங்கால் வலியது, பிடி நழுவாது. நீந்திவரும் பீவர் கரையை நெருங்கும்போது முன்னங்கால்களை மார்போடு அணைத்திருக்கும். பின்னங்கால்களே முதலில் கீழே தொங்கித் தரையைத் தொடும். எனவே பின்னங்காலைப் பிடிக்க எண்ணுவோர் பொறியைக் கரையோரத்தில் ஆழம் குறைந்த நீரில் வைக்காமல், ஏறக்குறைய 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் வைப்பர். சில சென்டிமீட்டர் வேறுபாடு விளைவை முற்றிலும் மாற்றிவிடுகிறது.

இப்பொறியுடன் நழுவுகம்பி ஒன்றை இணைப்பதும் வழக்கம். கம்பியின் ஒரு முனை கரையிலும், மறு முனை ஆழத்தில் கிடக்கும் கனமான எடையிலும் கட்டப்படும். பொறியின் சங்கிலியிலுள்ள வளைந்த தகடு கம்பியின் மேல் ஆழத்தை நோக்கி மட்டுமே நழுவும், திரும்பி வராது. அச்சமுற்ற பீவர் இயல்பாகவே ஆழத்துக்குப் பாயும்; அங்கேயே நின்றுவிடும்.

இங்கேதான் நீரின் ஆழம் பற்றிய வினா எழுகிறது. பிராணி தரையில் காலூன்றி மூக்கை வெளியே நீட்ட இயலாத ஆழம் இல்லையெனில் நழுவுகம்பி பயனற்றது. பிடிபட்ட பீவர் இரவெல்லாம் வலியில் போராடும். ஆழம் போதுமானதாயினும் மரணம் உடனே நிகழ்வதில்லை. மூச்சடக்கும் ஆற்றலால் நீருக்கடியில் சிக்கிய பீவரின் மூளைச் செயல் நிற்பதற்குச் சராசரியாக ஒன்பது நிமிடங்கள் ஆயின எனக் கனடாவில் 1982ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் நீரில் மூழ்கடிப்பதைத் துன்பமற்ற மரணமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் கால்பற்றும் பொறியைத் தன் நாடுகளில் விலக்கியது.

உடல்பற்றும் பொறி

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் பொறிவேட்டையாடிய பிராங்க் கொனிபேர். தாமே பல ஆண்டுகள் கால்பற்றும் பொறியைப் பயன்படுத்திய அவர், அதில் சிக்கிய பிராணிகள் படும் துன்பத்தைக் கண்டு வேறு வழி தேடினார். அவர் வகுத்த பொறி 1950களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. இரண்டு சதுரச் சட்டங்கள் நடுவில் கீலால் இணைந்திருக்கும். அவற்றின் நடுவே தொங்கும் விசைக்கம்பியைப் பிராணி தள்ளியவுடன், இருபுறமும் உள்ள வலிய ஸ்பிரிங்குகள் சட்டங்களைக் கத்தரிபோல் மூடி, கழுத்தையோ மார்பையோ அழுத்தும். 330 என எண்ணிட்ட அளவே பீவருக்குரியது. அதன் வாய் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அகலமுடையது.

இப்பொறிக்கு இரை தேவையில்லை. பிராணியின் வழியே போதும். கால்வாயிலும், வீட்டின் நீரடி வாயிலிலும், அணையைத் தாண்டும் இடத்திலும் இதை நிறுத்துவர். இருபுறமும் குச்சிகளை ஊன்றி வழியைக் குறுக்கியும், பொறிக்கு நேர்மேலே நீர்மட்டத்தில் ஒரு கழியைக் குறுக்காக இட்டும் வைத்தால், பீவர் கழிக்கு அடியில் மூழ்கிப் பொறியின் நடுவே நுழையும். சட்டம் சரியான இடத்தில் அழுத்தினால் மரணம் விரைவானது. சாய்வாக நிறுத்திய பொறி இடுப்பைப் பற்றிவிடும்; ஆகவே அதை ஆடாமல் உறுதியாக நிறுத்துதல் அவசியம்.

‘விரைவு’ என்பதை அளவிட்டும் கூறியிருக்கின்றனர். மனிதத்தன்மையுள்ள பொறிமுறை பற்றி 1997ஆம் ஆண்டில் உருவான சர்வதேச உடன்படிக்கையில் ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் ரஷ்யாவும் சேர்ந்தன. அதன்படி, கொல்லும் பொறி ஒன்றைச் சோதிக்கையில், பிடிபட்ட பீவர்களில் குறைந்தது 100க்கு 80 பங்கு 300 விநாடிகளுக்குள் மீளா மயக்கம் அடைய வேண்டும். இச்சோதனையில் தேறிய மாதிரிகளின் பட்டியலைக் கனடா வெளியிடுகிறது. பொறி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது விலையையன்று, இப்பட்டியலையே.

உடல்பற்றும் பொறியில் இரண்டு அபாயங்கள் உண்டு. முதலாவது, அதன் விசை மனிதரின் கையையும் நொறுக்கும். ஸ்பிரிங்கை அழுத்துவதற்கென உள்ள நீண்ட கைப்பிடி இடுக்கி, ஸ்பிரிங் விலகாமல் மாட்டும் கொக்கி ஆகியவை இன்றி அதைத் தொடலாகாது. கை சிக்கினால் மறு கையாலேயே விடுவித்துக்கொள்ளும் முறையைக் கரையில் பழகிய பின்னரே நீரில் இறங்க வேண்டும். தனியே செல்லாதிருப்பது நலம். இரண்டாவது, அப்பொறி எதிர்வரும் பிராணி எதுவெனப் பார்ப்பதில்லை. கரையில் வைத்தால் நாய்கள் மாளும். அதனால் அமெரிக்காவின் பல மாநிலங்கள் இவ்வளவுப் பொறியை நீரில் மட்டுமே வைக்க இசைகின்றன. நீரிலும் அதே வழியில் நீர்நாய் வரும். விசைக்கம்பியை நடுவில் விடாமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால், மெலிந்த உடலுடைய நீர்நாய் கம்பியைத் தொடாது நழுவிச் செல்ல வாய்ப்புண்டு. பருத்த பீவர் தொடாமற் செல்லாது. நீர்நாயின் காலடியோ மலமோ தென்படும் இடத்தில் பொறி வைக்காமலே இருப்பது அதனினும் சிறந்த முறை.

உயிருடன் பிடிக்கும் சாதனங்கள்

கம்பிவடத்தால் ஆன சுருக்குக் கண்ணி எளிதில் சுமக்கத்தக்கது, விலை குறைந்தது. குறிப்பிட்ட அளவுக்குமேல் இறுகாதபடி தடை பொருத்தினால் பீவரை உயிருடன் பிடிக்கவும் அது உதவும். ஆயினும் வடம் ஆழ்ந்த நீரை எட்டுமாறு விட்டால் பிராணி மூழ்கிச் சாகும். சுற்றிலும் வேர்களும் கிளைகளும் இருந்தால் வடம் சிக்கிக் கழுத்தை நெரிக்கும். ஆகவே கண்ணி வைக்கும் இடத்தைத் துப்புரவாக்க வேண்டும்.

உயிருடன் பிடிப்பதற்கெனவே அமைந்த பொறிகளுள் பெய்லி பொறியும் ஹான்காக் பொறியும் பெயர்பெற்றவை. முன்னதை வகுத்தவர் அமெரிக்க அரசின் உயிரியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இயற்கை அறிஞர் வெர்னன் பெய்லி. கம்பிவலையாலான இரண்டு பாதிகள் பெட்டியைப்போல் விரிந்து நீருக்கடியில் கிடக்கும்; பீவர் மேலே வந்து விசையைத் தொட்டவுடன் மூடிக்கொள்ளும். ஹான்காக் பொறியில் ஒரு பாதி நீரில் கிடக்க, மறு பாதி கரையோரம் உயர்ந்து நிற்கும். இரண்டும் கனமானவை, தொலைதூரம் சுமந்து செல்ல ஏற்றவையல்ல. மூடிய பொறிக்குள் இருக்கும் பிராணியின் தலை நீருக்கு மேல் இருக்கும்படி நங்கூரமிடுதல் இன்றியமையாதது. இரவில் மழை பெய்து நீர்மட்டம் உயரும் எனத் தோன்றினால் பொறியை வைக்கலாகாது. விடியற்காலையிலேயே சென்று பார்க்க வேண்டும். நனைந்த குட்டி குளிரிலும், வெயிலில் கிடக்கும் பெரிய பீவர் வெப்பத்திலும் இறந்துவிடும்.

இச்சாதனங்களின் பயனுக்கு ஐடஹோ மாநிலத்தில் 1948ஆம் ஆண்டில் நடந்த பணி சிறந்த உதாரணம். குடியிருப்புகளுக்கு அருகே தொல்லை தந்த பீவர்களைச் சாலையில்லா மலைப் பிரதேசத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. குதிரைகளின் மேலும் கோவேறு கழுதைகளின் மேலும் ஏற்றிச் சென்றபோது பீவர்கள் வெப்பத்தால் நலிந்தன. சுமந்த விலங்குகளும் மிரண்டன. மாநில வனவிலங்குத் துறையைச் சேர்ந்த எல்மோ ஹீட்டர் என்பவர், போரில் எஞ்சிய பாராசூட்டுகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். தரையைத் தொட்டதும் தானே திறக்கும் மரப்பெட்டி ஒன்று வகுக்கப்பட்டது. ஜெரானிமோ எனப் பெயரிட்ட ஓர் ஆண் பீவரைப் பலமுறை விமானத்திலிருந்து இறக்கிப் பெட்டியைச் சோதித்தனர். பின்னர் 76 பீவர்கள் இவ்விதம் இறக்கப்பட்டன, இறந்தது ஒன்றே. பிடிப்பதோடு பணி முடிவதில்லை, கொண்டுசேர்ப்பதும் அதன் பகுதியே என்பதை இப்பணி உணர்த்துகிறது.

ஸ்காட்லாந்தில் அற்றுப்போயிருந்த பீவர், 2009ஆம் ஆண்டில் நார்வேயிலிருந்து கொணரப்பட்டு நாப்டேல் காட்டில் விடப்பட்டது. 2019ஆம் ஆண்டு முதல் அங்கு அது சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. அத்தகைய நாட்டில், வயலுக்குச் சேதம் நேரும் இடங்களிலிருந்து பீவரை உயிருடன் பிடித்து வேறிடம் சேர்க்க, இரை வைத்த கூண்டுப் பொறியே உரிய சாதனமாகிறது.

பொறி வேண்டாத இடமும் பொறி போதாத இடமும்

சில இடங்களில் பிடிப்பதே பயன் தராது. உணவும் நீரும் பொருந்திய இடத்தில் ஒரு குடும்பத்தை அகற்றினால், வேறிடத்திலிருந்து இளம் பீவர்கள் வந்து குடியேறும். அங்கே அணையினூடே நீண்ட குழாயைச் செலுத்தி, குளத்தினுள் இருக்கும் அதன் வாயைக் கம்பிக்கூண்டால் மூடிவிடுவர். குளத்தின் நீர்மட்டம் வேண்டிய அளவில் நிற்கும். நீர் அமைதியாக உட்புகுவதால் பீவர் அவ்விடத்தைக் கண்டு அடைப்பதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டில் மக்கள் வாக்களித்துக் கால்பற்றும் பொறியையும் உடல்பற்றும் பொறியையும் விலக்கினர். ஆயினும் குடிநீர்க் கிணறும் சாலையும் பாதிக்கப்படும் இடங்களுக்கென 2000ஆம் ஆண்டில் அவசர அனுமதி முறை ஒன்றைச் சட்டத்தில் சேர்க்க நேர்ந்தது. எந்தச் சாதனத்தையும் எல்லா இடத்துக்கும் உரியதென்றோ எங்கும் ஆகாதென்றோ எளிதில் விதித்துவிட இயலாது.

இதற்கு எதிரான நிலை தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியெர்ரா டெல் பியூகோ தீவில் காணப்படுகிறது. ரோமத்தோல் தொழிலை எண்ணி 1946ஆம் ஆண்டில் அர்ஜென்டினா அரசு கனடாவிலிருந்து சில பீவர்களைக் கொணர்ந்து அங்கு விட்டது. அவற்றை வேட்டையாடும் கரடியும் ஓநாயும் அங்கு இல்லை. பீவர்கள் பெருகிச் சிலி நாட்டுப் பகுதிக்கும், பின்னர்க் கடலைக் கடந்து பெருநிலத்துக்கும் பரவின. வட அமெரிக்க வில்லோ மரம் வெட்டுண்ட அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். தென்கோடியின் லெங்கா மரமோ அவ்வாறு தழைப்பதில்லை. ஆற்றோரக் காடு அழிந்தது அழிந்ததே. 2008ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பீவரை முற்றிலும் அகற்ற உடன்பட்டன.

இங்கு உடல்பற்றும் பொறியே முக்கிய சாதனம். ஆயினும் பணி கடினமானது. ஒரு சோடி எஞ்சினாலும் இனம் மீண்டும் பெருகும். வீணே மூடிய பொறி, அதிலிருந்து தப்பிய பீவருக்குப் பாடமாகிவிடுகிறது. அது பின்னர்ப் பொறியை விட்டு விலகும். ஆகவே முதன்முறை வைக்கும் பொறியே பிழையற்று அமைய வேண்டும். எஞ்சிய பிராணியைப் பிடிக்க வேறு வகைச் சாதனமும் வேண்டும்.

களப்பணியாளர் எழுப்ப வேண்டிய வினாக்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், பொறியை எடுப்பதற்கு முன் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும் என்பது விளங்கும்.

1. பிராணி உயிருடன் வேண்டுமா, அன்றா? உயிருடன் எனில் அதை விடுவதற்கு இடமும் அனுமதியும் ஆயத்தமாக உள்ளனவா? குடும்பம் முழுவதையும் ஒருங்கே கொண்டுசெல்ல இயலுமா?

2. நீரின் ஆழம் என்ன? மழையாலோ பனி உருகுவதாலோ ஓரிரவில் அது எவ்வளவு மாறும்?

3. அதே வழியில் வேறு எந்தப் பிராணிகள் செல்கின்றன? நாயும் மனிதரும் அங்கு வருவதுண்டா?

4. அச்சாதனத்துக்குச் சட்டம் இசைகிறதா? சோதனையில் தேறிய மாதிரியா?

5. பொறியை நாள்தோறும் சென்று பார்க்க ஆள் உண்டா? இல்லையெனில் எந்தப் பொறியும் வைக்கலாகாது.

பிடிபட்ட பிராணியைக் கையாளும்போது ரப்பர்க் கையுறை அணிதல் வேண்டும். துலரேமியா என்னும் நோய்க் கிருமி பீவரிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடும். அது வாழும் குளத்து நீரைக் காய்ச்சாமல் பருகுவதும் தவறு.

வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

இந்தியாவில் பீவர் இல்லை. பாடம் நடத்தும்போது அதை நீர்நாயுடன் மாணவர் குழப்பிக்கொள்ளாதவாறு ஆசிரியர் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பீவர் மரப்பட்டையும் தழையும் உண்ணும் கொறிவிலங்கு; நீர்நாய் மீன் உண்ணும் ஊனுண்ணி. நம் நாட்டு ஆறுகளில் மூவகை நீர்நாய்கள் வாழ்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. பொறி வைத்தலும் கண்ணியிடுதலும் அச்சட்டத்தில் வேட்டை என்றே கொள்ளப்படும்.

ஓடை, அணை, சாலைக்குழாய், வயல், பீவரின் வீடு ஆகியவற்றைக் கரும்பலகையில் வரைந்து, நீரின் ஆழத்தையும் குறித்து, மேற்கண்ட ஐந்து வினாக்களையும் மாணவரிடம் எழுப்பலாம். ஒரு குழு சாலைப் பொறியாளராகவும், மற்றொன்று உழவராகவும், வேறொன்று வனத்துறையினராகவும் நின்று வாதிடட்டும். விடை குழுவுக்குக் குழு வேறுபடும். எந்தக் குழுவும் நீரின் ஆழத்தைக் கேளாமல் பொறியின் பெயரைச் சொல்லவில்லையெனில் பாடம் பயன் தந்ததெனக் கொள்ளலாம்.